மரச்சீனியின் நஞ்சு

சேலத்துக்காரருக்கு அது குச்சிக்கிழங்கு. ஈழத்தில் மரவள்ளி. கன்னியாகுமரி மாவட்டத்தில் மரச்சீனி. திருவனந்தபுரத்திலும் இதே பெயர்தான்; அங்கிருந்து வடக்கே போகப் போகக் கப்பை. குமரி மாவட்டத்து நாஞ்சில் நாடு என்றதும் நெல்தான் நினைவுக்கு வரும். மரச்சீனி தழைத்தது அதே மாவட்டத்தின் கல்குளம், விளவங்கோடு பக்கத்து மேட்டு விளைகளில்.

மரச்சீனியில் 'சீனி' எப்படி வந்தது? இனிப்பால் என்றால் பொருந்தவில்லை. உப்புப் போட்டுத்தான் அவிக்கிறோம். சர்க்கரைவள்ளிக்குத் தென்மாவட்டங்களில் சீனிக்கிழங்கு என்று பெயர். அது தரையில் படரும் கொடி. இது ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் செடி. மற்ற ஊர்களில் வள்ளி, மரவள்ளி என்று பிரித்ததுபோல இங்கே சீனி, மரச்சீனி என்று பிரித்திருப்பார்கள் என்பது என் கணிப்பு. கப்பலில் வந்ததால் கப்பை என்பாரும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

இந்தப் பெயர்கள் எதிலும் நஞ்சின் சாயல் இல்லை. முதலில் பயிரிட்ட தென்னமெரிக்கர் சொல்லில் உண்டு. பிரேசிலின் தூப்பி மொழியில் 'திப்பியோக்கா' என்றால் சாறு பிழிந்து எடுத்த மாவு. நஞ்சு போவது அந்தச் சாற்றோடுதான். அச்சொல்தான் போர்ச்சுகீசியர் வாய்வழியாக டாப்பியோக்கா ஆனது. கிழங்கு நம் கரையில் இறங்கியது, எச்சரிக்கை இறங்கவில்லை. மலையாளத்தில் மட்டும், தலைசுற்ற வைக்கும் கிழங்குக்குக் 'கட்டு' உண்டு என்பார்கள்.

திருவிதாங்கூரில் மரச்சீனியைப் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி நின்றபோது ஏழைகளின் வயிற்றை நிறைத்தது இதுதான். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்திலுள்ள கிழங்குப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் ரகம் ஒன்றுக்கு ஸ்ரீ விசாகம் என்றே பெயர்.

கிழங்கு முழுதாக இருக்கும்போது லினமாரின் என்ற பொருளும் அதை உடைக்கும் நொதியும் செல்லில் தனித்தனி இடங்களில் கிடக்கும். வெட்டினாலோ மென்றாலோ இரண்டும் கலந்து ஹைட்ரஜன் சயனைடு பிறக்கும். அது சுமார் 26 டிகிரி செல்சியசிலேயே கொதித்து ஆவியாகிவிடும். பானையை மூடாமல் அவிப்பது அதற்காக. உடையாமல் மிஞ்சும் லினமாரின் தண்ணீரில் கரையும்; வடிப்பது அதற்காக.

வடித்தும் தப்பியது குடலுக்குப் போகிறது. லினமாரினில் ஒரு பங்கு அப்படியே சிறுநீரில் போய்விடும். மிச்சத்தைக் குடல் நுண்ணுயிர்கள் உடைக்க, சயனைடு ரத்தத்தில் ஏறும். செல்லுக்குள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் நொதியை அது பிடித்துக்கொள்ளும். ரத்தத்தில் ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்தும் செல்லுக்கு மூச்சு முட்டும். அளவு குறைவென்றால் ஈரல் சமாளித்துவிடும். ரோடனேஸ் என்ற நொதி சயனைடோடு கந்தகத்தைச் சேர்த்துத் தயோசயனேட் ஆக்கி, சிறுநீர்வழி அனுப்பிவிடும்.

அந்தக் கந்தகம் புரதத்திலிருந்து வரவேண்டும். மரச்சீனியில் புரதம் சொற்பம், சாளை மீனில் தாராளம். தயோசயனேட்டும் முழு நல்லபிள்ளை அல்ல, தைராய்டுக்கு அயோடின் சேரவிடாது. கடல்மீனில் அயோடினும் இருக்கிறது. அவித்த கிழங்குக்கு மீன்கறி என்று வைத்தவர்கள் ருசிக்காகத்தான் வைத்தார்கள். ஈரலுக்கு வேண்டியதும் அதுவாக அமைந்துவிட்டது.

மீனும் பயறும் கிடைக்காத பஞ்சகாலத்தில், கசப்புக் கிழங்கைச் சரியாகப் பதப்படுத்தாமல் வாரக்கணக்கில் தின்ற காங்கோ மக்களில் பலருக்குக் கால்கள் நிரந்தரமாக விறைத்துப்போயின. நோயின் பெயர் கொன்சோ. யாக்கா மொழியில் கட்டிய கால் என்று பொருள்.

நாம் வீட்டில் அவிக்கும் ரகங்களில் நஞ்சு குறைவுதான். இருந்தாலும் சிறு துண்டுகளாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் அவித்து, வடித்து உண்ணுங்கள். பச்சையாகக் கடிக்க வேண்டாம். தோலிலும் இலையிலும் நஞ்சு கூடுதல். பச்சை இலையை ஆட்டுக்குப் போடாதீர்கள், வடித்த தண்ணீரையும் வைக்காதீர்கள்.