போடியிலிருந்து மூணாறு வரை: நம் முன்னோர் ஏறிய மலைவழிகள்

நம் காலனியில் வாழும் குடும்பங்களில் பெரும்பாலானவை மலையைக் கடந்து வந்தவை. பாலக்காட்டுப் பக்கம் வந்தவர்களுக்கு அந்தத் தொல்லை குறைவு. வாளையாற்றைத் தாண்டினால் போதும். மலை தானே இருபுறமும் ஒதுங்கி நின்று வழி விட்டிருக்கிறது. கொங்கு நாட்டில் தோண்டுமிடமெல்லாம் உரோமானியர் நாணயங்கள் கிடைக்கின்றனவே, அவை மேல்கடலிலிருந்து இந்தக் கணவாய் வழியே வந்தவை என்பர் வரலாற்றறிஞர். ஆனால் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலைப் பக்கம் குடியேறியவர்களின் கதை வேறு. அவர்களுக்கு மலை ஒதுங்கவில்லை. அவர்களே ஏறினார்கள். அந்த ஏற்றத்தைப் பற்றிச் சில செய்திகளை இம்மலரில் எழுத வேண்டுமென்று நெடுநாளாய் எனக்கு ஆசை.

என் ஆராய்ச்சி தொடங்கியது நூலகத்தில் அன்று; மிதிவண்டியின் மேல். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முன், கல்லூரி விடுமுறையில், நானும் என் நண்பர் ஒருவரும் போடிநாயக்கனூரிலிருந்து மூணாற்றுக்குச் சைக்கிளில் செல்வதென்று துணிந்தோம். பேருந்தில் செல்பவனுக்கு மலைப்பாதை வெறும் வளைவுகளின் வரிசை; வயிற்றைக் குமட்டும், அவ்வளவே. மிதிவண்டிக்காரனுக்கோ ஒவ்வோர் அடிச் சரிவும் முழங்காலில் எழுதப்படுகிறது. முந்தல் தாண்டியதும் தொடங்கும் ஏற்றம், ஏறக்குறைய 4,500 அடி உயரத்திலுள்ள போடிமெட்டு வரையில் மூச்சுவிட இடந்தரவில்லை. பாதி வழி ஏறினோம். மீதி வழி வண்டியைத் தள்ளினோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1910ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டுச் சைக்கிள் பந்தயத்தை முதன்முறையாகப் பிரனீசு மலைத்தொடரின் பெரிய கணவாய்களுக்குள் கொண்டு சென்றபோது, அவ்வாண்டு வெற்றிவாகை சூடிய ஒக்டாவ் லாபீசு என்ற வீரரே வண்டியை விட்டிறங்கித் தள்ளினார். பந்தயம் நடத்தியவர்களைக் கொலைகாரர் என்று வைதாராம்.

போடிமெட்டைத் தாண்டிப் பூப்பாறை வழியே சென்ற மறுநாள் எனக்கு ஒரு வியப்புக் காத்திருந்தது. மூணாற்றிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை வழியே டாப் ஸ்டேஷன் செல்லும் பாதையில் வண்டி பல இடங்களில் தானே ஓடுவதுபோல் ஓடிற்று. சரிவு மென்மையானது; வளைவுகள் அகன்றவை. மலைச்சாலைக்கு இத்தகைய இயல்பு எங்கிருந்து வந்தது? அதற்கு விடை பிறகுதான் தெரிந்தது. அது சாலைக்காக வகுத்த வழியன்று. பெரும்பகுதி இரயிலுக்காக வகுத்த வழி.

வரலாற்றை முறையாகச் சொல்லுகிறேன். இம்மலைகளின் பழங்குடிகளான முதுவர், தாங்கள் மதுரையிலிருந்து குழந்தைகளை முதுகில் சுமந்து மலையேறியவர்கள் என்று வழிவழியாகச் சொல்லிவருகின்றனர். அஞ்சுநாட்டு ஊர்களான மறையூர், காந்தளூர் முதலியவற்றின் மக்களுக்கும் மதுரைத் தொடர்பு கூறும் மரபு உண்டு. கம்பெனிப் பெயரில் நிலைத்துவிட்ட கண்ணன் தேவனும் அஞ்சுநாட்டுத் தலைவர் ஒருவரே என்பர். ஆங்கிலேயரில் முதலில் இங்கே வந்தவர், பிற்காலத்தில் வெலிங்டன் கோமகனான ஆர்தர் வெல்லெசுலி என்று ஒரு கதை வழங்குகிறது. 1790இல் திப்புவைத் தடுக்க வந்தாராம். அவர் இந்தியாவுக்கு வந்ததே 1797இல்! இக்கதையை நம் பிள்ளைகளுக்குச் சொல்லாதிருப்பதே நலம். முறையாக அளக்க வந்தவர்கள் வார்டு, கானர் என்ற இரு படைத்துறை அளவையாளர். திருவிதாங்கூர், கொச்சி நாடுகளை அவர்கள் அளந்தது 1816 முதல் 1820 வரை.

1877இல் சான் தானியேல் மன்றோ என்பவர் பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்குப் பெற்றார். தோட்டங்கள் எழுந்தன. சிங்கோனாவும் காப்பியும் முயன்று பார்த்தபின் தேயிலை வென்றது. 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி தோன்றிற்று. தேயிலை விளைந்தது சரி. அதைக் கடலுக்குக் கொண்டுசெல்வது எப்படி? கிழக்கே இறங்குவதே குறுக்குவழி. 1902இல் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஒற்றைத் தண்டவாளப் பாதை போட்டனர். வண்டியின் சிறு சக்கரங்கள் தண்டவாளத்தின்மேல் ஓடும்; நிலைகுலையாதிருக்கப் பக்கத்தில் ஒரு பெருஞ்சக்கரம் தரைமேல் உருளும். இழுத்தவை மாடுகள். 1908இல் அதை மாற்றி, இரண்டடி அகல இருப்புப்பாதை அமைத்து நீராவி எஞ்சின் ஓட்டினர். டாப் ஸ்டேஷனில் மலை செங்குத்தாக முடிகிறது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியவாறு கோட்டகுடிக்கு இறங்கின; அவ்விடத்துக்குப் பாட்டம் ஸ்டேஷன் என்றே பெயர். பிறகு மாட்டுவண்டியில் போடிக்கு. போடிக்கு இரயில் வந்தது 1928இல்தான். அதுவரை அம்மையநாயக்கனூர் நிலையம்வரை வண்டிமாடே கதி.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். இருபதடிக்கு ஓரடி என்ற அளவை மிஞ்சிய ஏற்றத்தில் சுமைவண்டி மாடு திணறும். ஆதலின் பழைய வண்டிப்பாதை போட்டவர்கள் மலையைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். எஞ்சினுக்கோ அதனினும் மென்மையான சரிவு தேவை. இன்று அவ்வழியே இன்பமாக மிதித்துச் செல்லும் இளைஞர்கள் அந்த மாடுகளுக்கும் எஞ்சின்களுக்கும் கடன்பட்டவர்கள்.

கம்பிவடத்தில் இறங்கியது தேயிலை. ஆட்கள் ஏறியது காலால். கங்காணிகள் பாண்டிநாட்டுக் கரிசல் ஊர்களிலிருந்து முன்பணம் கொடுத்து அழைத்து வந்த குடும்பங்கள், குரங்கணி, கோட்டகுடி வழியே ஒற்றையடிப் பாதையில் மலையேறின. அவர்களுள் ஒருவர் என் பாட்டியார். பெரு வெள்ளத்துக்கு மறு ஆண்டில், பதின்மூன்று வயதில், தலையில் ஒரு செம்புப் பானையும் இடுப்பில் தம்பியுமாக ஏறினார். விடியலில் அடிவாரத்தில் கட்டுச்சோறு உண்டதாகவும், மேலே சென்றதும் குளிர் தாங்காமல் சாக்கைப் போர்த்திக்கொண்டதாகவும், முதல் மாதக் கூலி முழுவதும் முன்பணத்தில் கழிந்ததாகவும் சொல்லுவார். சாலை அளந்தவர்களின் பெயர் நூல்களில் இருக்கிறது. ஏறியவர்களின் பெயர் கங்காணியின் பேரேட்டில் மட்டும் இருந்தது. அந்தப் பேரேடுகள் இன்று எங்கே?

பெரு வெள்ளம் என்றேனே, அது 1924 சூலைத் திங்களில், கொல்லம் ஆண்டு 1099இல் வந்தது. மலையாளத்தார் அதைத் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்பர். குண்டளை இருப்புப்பாதை உருக்குலைந்தது, மீண்டும் கட்டப்படவேயில்லை. மாங்குளம், பூயங்குட்டி வழியே ஆலுவாய்க்குச் சென்ற பழைய சாலையும் அழிந்தது. அதற்குப்பின்னரே நேரியமங்கலம் வழியாகப் புதிய சாலை அமைந்தது. பெரியாற்றின்மேல் அங்கே கட்டிய பாலம் 1935இல் திறக்கப்பட்டது. மூணாற்று இரயில் நிலையக் கட்டடம் இன்றும் இருக்கிறது. தேயிலைக் கம்பெனியின் அலுவலகம் அதில் நடக்கிறது.

பின்னர் 1956 நவம்பர் முதல் நாள், மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது, தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. அதனால் எழுந்த மனவருத்தத்தை இங்கே விரிக்கப்போவதில்லை. கோடு வரைபடத்தில் விழுந்தது. வழிகள் கோட்டை மதிக்கவில்லை. விடியற்காலையில் போடியிலும் கம்பத்திலும் நின்று பாருங்கள்: ஏலத்தோட்டக் கூலிக்காகப் பெண்கள் நெருங்கி அமர்ந்த சீப்புகள் மெட்டேறுகின்றன, மாலையில் இறங்குகின்றன. வடக்கே பரம்பிக்குளத்தை நோக்குங்கள். பாலக்காட்டு மாவட்டத்து ஊர். ஆனால் அங்கே வண்டியில் போகவேண்டுமானால் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப் சிலிப் என்று தமிழ்நாட்டைச் சுற்றித்தான் போகவேண்டும்! கொச்சி அரசு 1907இல் சாலக்குடியிலிருந்து அங்கே ஓட்டிய மரவண்டி இரயிலும் 1963இல் நின்றுவிட்டது.

போடிமெட்டுச் சாலை இன்று கொச்சியிலிருந்து வரும் தேசிய நெடுஞ்சாலையின் பகுதி. தேவிகுளத்துக்கு அப்பால் பாறையை வெட்டி அகலப்படுத்தியபோது மலை பலமுறை சரிந்தது. மாடு சுற்றிச் சென்ற இடத்தை இயந்திரம் நேரே வெட்டப் பார்க்கிறது. மலையின் சீற்றம் நமக்குப் புதிதன்று. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ, மலையேற வந்த இருபதுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. என் பாட்டியார் ஏறிய அதே மலைச்சாரல். 2020 ஆகத்து 6ஆம் நாள் இரவில் பெட்டிமுடியில் தொழிலாளர் குடியிருப்பின்மேல் மண்சரிந்து 70 பேர் மாண்டனர். பலர் கயத்தாற்றுப் பக்கத்திலிருந்து சென்ற குடும்பங்களின் பிள்ளைகள். எத்தலைமுறையில், எவ்வழியே, யார் கையைப் பிடித்து அக்குடும்பங்கள் ஏறினவோ!

இளைஞர் குழாங்கள் இப்போது விலையுயர்ந்த மிதிவண்டிகளில் இம்மலைகளுக்கு வருவதைக் காண்கிறேன், மகிழ்ச்சியே. நம் காலனிப் பிள்ளைகளும் செல்லட்டும். செல்லுமுன் வீட்டிலுள்ள முதியவரிடம், நம்மவர் எந்த மெட்டின் வழியே வந்தனர் என்று கேட்டு எழுதிக்கொண்டு செல்லட்டும். கேட்பதற்கு ஆள் இருக்கும் வீடுகள் ஆண்டுதோறும் குறைகின்றன. எழுதியதைச் சங்கத்துக்குத் தந்தால் அடுத்த மலரில் வெளியிடலாம்.

என் பாட்டியார் முதுமையில் போடிமெட்டிலிருந்து பேருந்தில் இறங்கும்போதெல்லாம் இடப்பக்கச் சன்னலோரம்தான் அமர்வார். வடக்கே கொழுக்குமலை முகடு தெரியும் வளைவில் கையை நீட்டி, "அந்தப் பக்கந்தான் ஏறினோம். தம்பி அழுதுகொண்டே வந்தான்" என்பார். அவ்வளவுதான் சொல்லுவார்.