ஓர் அறிக்கையும் ஒரு கோடைகாலப் பாடநெறியும்

கணனியின் ஒழுங்கமைப்பையும் கட்டமைப்பையும் பல்கலைக்கழகத்திற் பயிலப் புகும் மாணவன் முதற்சில விரிவுரைகளிலேயே 'வொன் நியூமன் கட்டமைப்பு' என்னுந் தொடரைச் சந்திக்கின்றான். கணிப்பதற்கோர் அலகு, கட்டுப்படுத்துவதற்கோர் அலகு, தரவுகளையும் அறிவுறுத்தல்களையும் ஒருங்கே தாங்கும் நினைவகம், உள்ளீடு, வெளியீடு என அப்பாடம் விரியும். அப்பெயர் எவ்வாறு நிலைத்தது என்பதைப் பாடநூல்கள் பெரும்பாலும் விரித்துரைப்பதில்லை.

பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் மூர் மின்பொறியியற் கல்லூரியில் எக்கேட், மோச்லி ஆகிய இருவரின் தலைமையில் ஏனியாக் என்னும் பொறி உருவாகிக்கொண்டிருந்தது. ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்களைக் கொண்ட அப்பொறி கணிப்பில் மின்னல் வேகமுடையது. ஆயினும் புதியதொரு கணக்கை அதற்கு இடுவதற்குக் கம்பிகளை மாற்றிப் பொருத்துவதிலேயே நாட்கள் கழிந்தன. இக்குறையை அதனை ஆக்கியோரே நன்கறிந்திருந்தனர். அறிவுறுத்தல்களையும் நினைவகத்திலேயே இருத்தும் எட்வாக் என்னும் அடுத்த பொறிபற்றி அவர்கள் ஆராயத் தொடங்கியபோது, 1944இல் கணிதமேதை ஜோன் வொன் நியூமன் ஆலோசகராக வந்து சேர்ந்தார். கலந்துரையாடல்களின் பயனாக அவர் எழுதிய அறிக்கையை 1945 யூன் 30ஆந் திகதியிட்டு ஹேர்மன் கோல்ட்ஸ்ரைன் பலருக்கும் அனுப்பினார். பொறியின் உறுப்புகளை நரம்புக் கலங்களோடு ஒப்பிட்டு, குழாயையுங் கம்பியையும் மறந்து தருக்கத்தை மட்டும் நோக்கிய அவ்வறிக்கையின் தெளிவு வியத்தற்குரியது. ஆனால், முகப்பில் இருந்தது ஒரே பெயர். ஏனைய இருவரின் மனக்கசப்பு நியாயமற்றதெனக் கூறுதல் அரிது.

காப்புரிமை குறித்து எழுந்த பிணக்கால் அவ்விருவரும் 1946 மார்ச்சில் பல்கலைக்கழகத்தை விட்டு விலகினர். எனினும், அவ்வாண்டு யூலை 8 முதல் ஓகஸ்ற் 31 வரை அங்கு நடைபெற்ற பாடநெறியில் விரிவுரையாற்ற அவர்கள் திரும்பி வந்தனர். மின்னணுக் கணனியின் அமைப்பு முறையாகக் கற்பிக்கப்பட்ட முதற் பாடநெறி அதுவே எனலாம்.

கேம்பிறிட்ஜிலிருந்து சென்ற மொறிஸ் வில்க்ஸ் இறுதி இரு வாரங்களுக்கே அங்கு போய்ச் சேர முடிந்தது. ஆயினும், அவ்வாண்டு மே மாதத்தில் எட்வாக் அறிக்கையை ஓரிரவு இரவல் பெற்று விழித்திருந்து படித்தவர் அவர். ஆதலின் தவறவிட்டது அதிகமன்று. நாடு திரும்பும் கப்பலிலேயே தமது பொறியின் வரைவைத் தொடங்கினார். இரசம் நிறைந்த குழாய்களில் ஒலித்துடிப்புகளாகத் தரவுகளைச் சுழலவிட்டுச் சேமித்த எட்சாக் 1949 மே 6ஆந் திகதி தன் முதற் செய்நிரலை நிறைவேற்றி, எண்களின் வர்க்க அட்டவணையொன்றை அச்சிட்டது. அறிக்கையின் பொருளாயிருந்த எட்வாக் அப்போது முழுமையாக இயங்கத் தொடங்கியிருக்கவில்லை. 1953இல் கேம்பிறிட்ஜ் கணிப்புத் துறையில் ஓராண்டு டிப்ளோமாப் பாடநெறியையும் ஆரம்பித்தது.

பிணக்கு முடிந்தது 1973இலேயே. ஏனியாக் காப்புரிமை செல்லாதென மினியாப்பொலிஸ் நகர நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காட்டப்பட்ட காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, காப்புரிமைக்கு விண்ணப்பித்த 1947 யூனுக்கு ஓராண்டுக்கு மேல் முன்னதாகவே அந்த அறிக்கை வெளியீடாகப் பரவிவிட்டது என்பதாகும்.