பெருக்கும், ஆனால் பெருகாது

பெரியம்மா மகள் பென்னாகரத்திலிருந்து போன் பண்ணினாள். கரு கலைந்துவிட்டது என்று கருப்பையைச் சுத்தம் செய்து சில நாள்தான் ஆகியிருந்தது. "ரிப்போர்ட்ல ஏதோ ஸ்டெல்லான்னு போட்டிருக்குடா, யாரு அது?" என்றாள். அதைப் பார்த்த டாக்டரம்மா, உடனே தர்மபுரி போய் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருந்தார்.

ஹாவியர் அரியாஸ் ஸ்டெல்லா, பெரு நாட்டு நோயியல் மருத்துவர். 1924இல் லிமாவில் பிறந்தவர். பின்னாளில் அந்நாட்டின் சுகாதார அமைச்சராகவும் வெளியுறவு அமைச்சராகவும் இருந்தார். ஆனால் உலகம் அவர் பெயரைச் சொல்வது 1954இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையால்.

கர்ப்பத்தின்போது கருப்பையின் உள்சவ்வில் சில செல்கள் விசித்திரமாக மாறும். உட்கரு பல மடங்கு வீங்கிக் கறுக்கும், வடிவம் கோணலாகும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அசல் புற்றுநோய் போலவே இருக்கும். இது புற்றுநோய் இல்லை, உடலில் உயிருள்ள கருத்திசு இருப்பதற்கு உள்சவ்வு காட்டும் எதிர்வினை என்று விளக்கியவர் அவர். ஹார்மோன் தூண்டுதலில் அந்தச் செல்கள் பெருக்கின்றன. ஆனால் புற்றுசெல் மாதிரி பிரிந்து பெருகுவது அபூர்வம்.

இதைத் தெரியாமல் படித்தால் இரண்டு விதமாகத் தப்பு நடக்கும். புற்றுநோய் என்று நினைத்தால், ஒரு பெண் தேவையில்லாமல் கருப்பையை இழப்பாள். 'ஒண்ணுமில்லை' என்று விட்டாலும் ஆபத்துதான். சுரண்டி எடுத்ததில் இந்த மாற்றம் இருக்கிறது, கருவின் திசு மட்டும் இல்லை என்றால், கரு எங்கே? கருக்குழாயில் வளர்ந்துகொண்டிருக்கலாம். குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து.

கண்ணாடித் துண்டு தனியாகப் பேசாது என்பதுதான் இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த விஷயம். அந்தச் செல்களை அவருக்கு முன்பும் பலர் பார்த்திருப்பார்கள். அரியாஸ் ஸ்டெல்லா அவற்றை அந்தப் பெண்களின் கர்ப்பத்தோடு சேர்த்துப் படித்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 2002இல், இதில் எது உண்மை, எது கற்பனை என்று மறுபடி ஒரு கட்டுரை எழுதினார். 2020இல் காலமானார்.

அக்காவுக்கு ஸ்கேனில் குழாய்க் கரு தெரிந்தது. வெடிப்பதற்கு முன்பே ஆபரேஷன் முடிந்தது.

பிறகொருநாள் அந்த ஃபைலைப் புரட்டினேன். திசுவோடு அனுப்பிய படிவத்தில் கடைசி மாதவிலக்குத் தேதியை யாரோ நர்ஸ் நிதானமான கையெழுத்தில் எழுதியிருந்தார். பக்கத்திலேயே, 'கர்ப்பம்: ஆம்.' அந்த ஒரு வரி காலியாக இருந்திருந்தால், ரிப்போர்ட்டில் வேறு பெயர் வந்திருக்கலாம்.