களஞ்சியமும் கல்வெட்டும்

1910-இல் வெளிவந்த 'அபிதான சிந்தாமணி', ஆ. சிங்காரவேலு முதலியார் என்ற தனி மனிதரின் உழைப்பு. புராண புருஷர்களும் சரித்திர மன்னர்களும் அதில் ஒரே வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். யார் நிஜம், யார் கதை என்று பிரித்துக்கொள்வது வாசிப்பவர் பாடு! பிறகு தமிழ் வளர்ச்சிக் கழகத்தார், பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் 'கலைக்களஞ்சிய'த்தை வெளியிட்டார்கள். அது அறிஞர்கள் பலர் கூடி எழுதியது. 2003-இல் பிறந்த தமிழ் விக்கிப்பீடியாவோ, யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்று கதவையே திறந்து போட்டுவிட்டது.

திறந்த வீட்டில் எதுவும் நுழையும் அல்லவா? 'நேச்சர்' என்ற விஞ்ஞானப் பத்திரிகை 2005-இல் 42 கட்டுரைகளை நிபுணர்களிடம் கொடுத்துச் சோதித்தது. ஆங்கில விக்கிப்பீடியாவில் 162 பிழைகள், பிரிட்டானிக்காவில் 123. பிரிட்டானிக்காக்காரர்கள் அந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் அந்தச் சான்றிதழைக் கொண்டுவந்து நம் தமிழ்ப் பக்கங்களில் ஒட்டிவிட முடியாது. பத்துப் பேர் பார்க்கும் பக்கத்தில் பிழை அதிக நாள் தங்காது. ஒருவர் எழுதி, மற்றவர் எட்டிப் பாராத பக்கத்தில் அது குடித்தனமே நடத்தலாம்.

காஞ்சிபுரத்தில் எனக்குத் தெரிந்த நெசவாளர் வீட்டுப் பெண் ஒருத்தி, கல்லூரிக்காகக் கைலாசநாதர் கோயிலைப் பற்றிக் கட்டுரை எழுதினாள். எட்டாம் நூற்றாண்டில் காஞ்சியை வென்ற சாளுக்கியன் இரண்டாம் விக்கிரமாதித்தன், கோயில் பொருளைக் கவராமல் திருப்பிக் கொடுத்தான் என்று அதில் ஒரு வரி. "இணையத்தில் யாரோ எழுதியது, பகைவன் திருப்பிக் கொடுப்பானா?" என்று சிவப்பு மையால் அடித்துவிட்டார் ஆசிரியர். மதிப்பெண்ணும் போயிற்று.

தகப்பனார் தறியில் இருந்தபடியே என்னைக் கேட்டார்: "ஏன் ஸார், அந்த ராஜா கொடுத்தானா, கொடுக்கலையா?"

கொடுத்தேன் என்று அவனே அந்தக் கோயில் மண்டபத் தூணில் கன்னடத்தில் வெட்டி வைத்திருக்கிறான். தன் பெருமையைத் தானே பாடுகிறவன் வாக்கை எவ்வளவு நம்புவது என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனால் பல்லவன் ராஜசிம்மன் எழுப்பிய கோயிலில், ஊரார் கண்முன்னே வெட்டிய எழுத்து அது. சாளுக்கியர் போன பிறகு பல்லவர் அதைச் செதுக்கி எறிந்திருக்கலாம். எறியவில்லை, இன்றும் இருக்கிறது.

பெண்ணுக்குக் கன்னடம் தெரியாது. கல்வெட்டு இலாகாவினர் அதைப் படித்து அச்சிட்டிருக்கும் தொகுதியைத் தேடிப் பிடித்து, அதையே ஆதாரமாகக் காட்டிக் கட்டுரையைத் திருப்பி எழுதினாள். அந்தத் தொகுதி இருப்பதை அவளுக்குச் சொன்னது இணையப் பக்கத்தின் அடிக்குறிப்புதான். அதன் பெயரை மட்டும் அவள் போடவில்லை. போட்டால் மறுபடியும் சிவப்பு மை விழுமாம்!