விசா வந்தால் இதை யார் பார்ப்பது? கொழும்புத் தொடர்மாடிகளில் செல்லப்பிராணி வளர்க்க நினைப்போருக்கு

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் எமது குடும்பங்கள் பல இன்னும் தற்காலிகமாகவே வாழ்கின்றன. வாடகை ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு. பிள்ளையின் படிப்பு முடியும்வரை ஒரு வீடு, கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ விசா வரும்வரை இன்னொரு வீடு. இப்படியான ஒரு வீட்டில்தான் பிள்ளை நாய்க்குட்டி கேட்கிறது. தனித்துப்போன அம்மம்மாவுக்குத் துணையாக ஒரு கிளி வாங்கலாமா என்று யோசிக்கிறோம்.

வளர்ப்புப் பிராணி மனதுக்கு ஆறுதல் தரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் எதை வாங்குவது என்பதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: நாங்கள் இந்த வீட்டை விட்டுப் போகும்போது இதற்கு என்ன நடக்கும்?

இந்தக் கேள்வி எமக்குப் புதிதல்ல. 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமத்தை விட்டு வெளியேறியவர்கள் மாட்டின் கயிற்றை அவிழ்த்துவிட்டு நடந்தார்கள். 2009 இல் வன்னியில் இடத்துக்கு இடம் ஓடியவர்களின் பின்னால் வந்த நாய்கள் பாதி வழியில் நின்றுவிட்டன. அன்று வேறு வழி இருக்கவில்லை. இன்று இருக்கிறது. வாங்குவதற்கு முன்பே கணக்குப் பார்க்கலாம்.

எத்தனை வருடம் வாழும்?

முதலில் ஆயுளைப் பாருங்கள். கப்பி மீன் ஏறத்தாழ 2 வருடம் வாழும், ஹம்ஸ்ரர் 2 முதல் 3 வருடம். நல்ல பராமரிப்பில் முயல் 8 முதல் 10 வருடம் வாழும். நாய் 10 முதல் 13, வீட்டுக்குள் வளரும் பூனை 12 முதல் 15. பெரிய கிளி வகைகளில் ஒன்றான ஆபிரிக்க சாம்பல் கிளி 40 வருடங்களுக்கு மேலும் வாழக்கூடியது. வாங்கியவருக்குப் பிறகும் அது இருக்கக்கூடும்.

ஒன்றிரண்டு வருடத்தில் வெளிநாடு போகும் எண்ணத்தில் இருப்பவர்களுக்கு மீன்தொட்டி பொருந்தும். நாயும் பூனையும் பொருந்துவதென்றால், பின்னர் பொறுப்பேற்க ஒருவர் இப்போதே சம்மதித்திருக்க வேண்டும். "பிறகு பார்ப்போம்" என்பது சம்மதம் ஆகாது.

வீட்டு உரிமையாளரிடமும் தொடர்மாடி நிர்வாகக் குழுவிடமும் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பி நாய் வாங்கியபின் ஆட்சேபனை வந்தால், வீட்டை மாற்றுவதா நாயை மாற்றுவதா என்ற நிலை வரும்.

நாய்

கொழும்பின் வெக்கைக்குப் பொருந்துவது எமது நாட்டு நாய்தான். ஹஸ்கி போன்ற குளிர்நாட்டு இனங்களுக்கு அடர்ந்த உரோமம் பெரும் சுமை. பக், புல்டோக் போன்ற தட்டை முகமுள்ள இனங்களுக்கு வெயிலில் மூச்சுத் திணறும். குளிரூட்டி இல்லாத மூன்றாம் மாடி வீட்டில் இவற்றை வைத்திருப்பது அவற்றை வதைப்பதுதான்.

நாட்டு நாய்க்குட்டிக்கும் 6 முதல் 8 வாரத்தில் தடுப்பூசி தொடங்க வேண்டும். பார்வோ, டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல் ஆகியவற்றுக்கு எதிரான ஊசிகள் தவணை முறையில் போடப்படும். எலிகள் உலவும் வடிகான் ஓரங்களில் நடக்கும் நாய்க்கு எலிக்காய்ச்சல் ஊசி மிகவும் அவசியம். விசர்நாய்க்கடி நோய்க்கான ஊசியைத் தொடங்கும் வயதை மிருக வைத்தியர் சொல்வார்; அதை வருடந்தோறும் திரும்பப் போடவேண்டும். நாயை உள்ளூராட்சி மன்றத்தில் பதிவு செய்யவேண்டும் என்பது பிரித்தானியர் காலத்திலிருந்தே உள்ள சட்டம்.

மெரைன் டிரைவில் நடக்க விடுவதானால் காலை 7 மணிக்கு முன் அல்லது வெயில் தாழ்ந்தபின் போங்கள். தார் வீதியில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்கமுடியாத சூட்டை அதன் பாதமும் தாங்காது. உண்ணியைக் கவனியுங்கள். உண்ணி கடித்தபின் நாய் சாப்பிடாமல் சோர்ந்து, முரசு வெளிறினால் உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். வெங்காயம், சொக்லேட், திராட்சை மூன்றும் நாய்க்கு நஞ்சு.

பூனை

சிறிய வீட்டுக்குப் பூனை நன்கு பொருந்தும். ஆனால் பல்கனிக்கு வலை அடிக்காமல் பூனை வளர்க்கவேண்டாம். பறவையைப் பார்த்துத் தாவி மேல்மாடியிலிருந்து விழும் பூனைகள் பல. ஆணோ பெண்ணோ, 5 முதல் 6 மாதத்தில் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் குட்டிகளைப் பெட்டியில் போட்டுச் சந்தை ஓரத்தில் விட்டுவரும் பழக்கம் தொடரும்.

இரண்டு மருந்துகளில் கவனம் தேவை. பூனைக்குக் காய்ச்சல் என்று பனடோல் கொடுத்தால் அது இறந்துவிடும். கால் வில்லைகூட ஆபத்து. நாய்க்குப் பூசும் உண்ணி மருந்துகள் சிலவற்றில் பேர்மெத்ரின் இருக்கிறது. அதைப் பூனைக்குப் பூசக்கூடாது.

பறவையும் மீனும்

இங்கே "லவ்பேர்ட்ஸ்" என்று விற்கப்படுபவை பெரும்பாலும் அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த பஜ்ஜி எனும் சிறு கிளிகள். இவற்றைத் தனியாக வளர்க்காமல் சோடியாக வளர்ப்பது நல்லது. தினை மட்டும் போதாது. கீரை, துருவிய கரட் சேருங்கள். பறவையின் நுரையீரல் மிக மென்மையானது. நுளம்புச்சுருள் புகையும், அதிகம் சூடேறிய ஒட்டாத தாச்சியிலிருந்து எழும் ஆவியும் அதைக் கொல்லும். எனவே கூட்டைச் சமையலறைக்கு அருகில் வைக்கவேண்டாம். தண்ணீர்க் கிண்ணத்தை நாள்தோறும் கழுவி மாற்றுங்கள். டெங்கு நுளம்பு பெருகும் இடங்களில் அதுவும் ஒன்று.

மீனைக் கண்ணாடிக் குண்டுப் பாத்திரத்தில் வைக்காதீர்கள். தங்கமீன் 10 வருடத்துக்கு மேல் வாழக்கூடியது. குண்டுப் பாத்திரத்தில் சில மாதங்களில் இறந்துவிடுகிறது. குழாய் நீரில் குளோரின் இருப்பதால் ஒரு நாள் திறந்து வைத்தபின்போ குளோரின் நீக்கும் துளி மருந்து இட்டபின்போ ஊற்றுங்கள். தொட்டி நீர் முழுவதையும் ஒரே நேரத்தில் மாற்றாமல், வாரத்துக்கு நான்கில் ஒரு பங்கை மாற்றுங்கள்.

"டாங்க் கிளீனர்" என்று விற்கப்படும் மீன் ஒரு அடிக்கு மேல் வளரும். சிவப்புக் காது ஆமைக்குஞ்சும் உள்ளங்கை அளவில் வாங்கப்பட்டுச் சாப்பாட்டுத் தட்டின் அளவுக்கு வரும். பெரிதானதும் இவற்றை வெள்ளவத்தை வாய்க்காலில் விடவேண்டாம். இரண்டும் எமது நீர்நிலைகளின் சொந்த உயிர்களை அழிக்கும் அந்நிய இனங்கள்.

வாங்கக்கூடாதவை

நட்சத்திர ஆமை அதிர்ஷ்டம் தரும் என்று யாராவது கொண்டுவந்தால் வாங்காதீர்கள். இலங்கையில் அது 1937 ஆம் ஆண்டின் வன விலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்படும் உயிரினம். 2019 இல் சர்வதேச வர்த்தகத் தடையின் மிக உயர்ந்த பட்டியலிலும் அது சேர்க்கப்பட்டது. ஆபிரிக்க சாம்பல் கிளியும் 2017 முதல் அதே பட்டியலில் இருக்கிறது. கடையில் உரிய ஆவணம் காட்டாவிட்டால் அதையும் விட்டுவிடுங்கள். காட்டிலிருந்து பிடித்த கிளிக்குஞ்சு, அணில், குரங்கு ஆகியவற்றைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் வனஜீவராசிகள் திணைக்களத்திடம் கேளுங்கள். பொலிஸ் விசாரணை ஒன்றில் அநாவசியமாகச் சிக்கிக்கொள்ள எமது மக்களில் யாரும் விரும்பமாட்டார்கள்.

கடித்தால்

நாய், பூனை, அணில், கீரி எது கடித்தாலும் கீறினாலும் காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுங்கள். பிறகு அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். அங்கே ஊசி இலவசம். மஞ்சள் பூசுவது, கட்டுப்போடுவது, பார்வை பார்ப்பது எதுவும் இதற்கு மருந்தல்ல. விசர்நாய்க்கடி நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் காப்பாற்ற வழி இல்லை என்றே சொல்லலாம். கடித்த பிராணி இறந்துவிட்டால், பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் அதன் தலையைப் பரிசோதிக்கும் வசதி இருக்கிறது.

வெடிச்சத்தம்

டிசம்பர் 31 இரவிலும் தீபாவளியிலும் வெடிச்சத்தம் கேட்டால் வீட்டில் சிலர் இன்னமும் திடுக்கிடுவார்கள். அதே அறையில் நாயும் கட்டிலுக்கடியில் நடுங்கும். அன்று மாலையே நாயை நடத்திக் கூட்டிவந்து, யன்னல்களைச் சாத்தி, மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் போட்டுவிடுங்கள். ஒளித்த இடத்திலிருந்து இழுக்கவேண்டாம், ஏசவும் வேண்டாம். பக்கத்தில் ஒருவர் அமைதியாக இருந்தால் போதும். அப்படி இருப்பது அந்த வீட்டுப் பெரியவருக்கும் நல்லது.

புறப்படும்போது

கூட்டிப்போக நினைப்பவர்கள் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே தொடங்கவேண்டும். பிரித்தானியாவுக்கு மைக்ரோசிப் பொருத்தி, தடுப்பூசி போட்டு, குறைந்தது 30 நாளின் பின் இரத்தப் பரிசோதனை செய்து, அதன்பின் 3 மாதம் காத்திருக்க வேண்டும். அவுஸ்திரேலியாவுக்கு இலங்கையிலிருந்து நேரடியாகக் கொண்டுபோக முடியாது. கனடா, குடும்பத்தின் சொந்த நாயைத் தடுப்பூசிச் சான்றிதழுடன் ஏற்கிறது. ஆனால் 2022 செப்டெம்பர் 28 முதல், விற்பனைக்கும் தத்துக்கொடுப்பதற்கும் இலங்கை போன்ற நாடுகளிலிருந்து நாய்கள் வருவதை நிறுத்திவிட்டது. ஆகவே "நாங்கள் போனபிறகு யாராவது அனுப்பிவிடுவார்கள்" என்று நம்பியிருக்க வேண்டாம். ஏற்றுமதிக்கான சுகாதாரச் சான்றிதழைக் கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்தில் பெறவேண்டும்.

கூட்டிப்போக முடியாவிட்டால், புதிய வீட்டுக்குக் குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்பே அறிமுகப்படுத்துங்கள். தடுப்பூசி அட்டை, வழக்கமான உணவு, படுக்கும் பழைய துணி மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். நீங்கள் இங்கே இருக்கும்போதே சில இரவுகள் அங்கே தங்கவிட்டுப் பாருங்கள். ஒத்துவராவிட்டால் வேறு இடம் தேட அப்போது நேரம் இருக்கும்.

வீதியில் விட்டுவிட்டுப் போவோரைத் தடுக்கச் சட்டத்துக்குப் பெரிய பலம் இல்லை. மிருகவதைத் தடைச் சட்டம் 1907 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதில் எழுதப்பட்ட அபராதத்தின் உச்சம் 100 ரூபாய். எனவே இதை எங்கள் மனச்சாட்சிதான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. பொறுப்பேற்க ஒருவரின் பெயரை இன்றைக்கே சொல்ல முடிந்தால் தாராளமாக வாங்குங்கள். முடியாவிட்டால் இப்போதைக்கு ஒரு சிறு தொட்டியும் நாலு கப்பியும் போதும்.