மறையும் இழை: உலை வெப்பத்தைத் தொடாமல் அளந்த வரலாறு

உலையின் வெப்பத்தை நிறங்கண்டு உரைப்பது கொல்லர்தம் பழந்திறன். ஆயின் அந்நிறம் ஆளுக்கு ஆள் வேறாகத் தோன்றும். பட்டறையின் வெளிச்சத்தாலும் மாறும். 1782இல் இங்கிலாந்தின் ஜோசையா வெட்ஜ்வுட் களிமண் துண்டுகளின் சுருக்கத்தைக் கொண்டு சூளை வெப்பத்தை அளந்தார். துண்டைச் சூளைக்குள் இடவேண்டியிருந்தது. அவர் தந்த உயர்வெப்ப எண்களும் மிகையானவை எனப் பின்னர்த் தெளிவாயிற்று.

தொலைவிலிருந்து அளக்கும் ஒளியியல் வெப்பமானியை 1892இல் பிரான்சின் லெ சாத்லியே அமைத்தார். பிளாங்க் தம் கதிர்வீச்சு விதியை வெளியிட்டது 1900இல். ஆகவே கோட்பாடே கருவியை ஈன்றது என்னும் பொதுவான கூற்று கால வரிசைக்கு ஒவ்வாது. 1901இல் ஜெர்மனியின் ஹோல்போர்ன், குர்ல்பாம் இருவரும் விவரித்த கருவியில் தொலைநோக்கி காட்டும் உலையின் பிம்பத்தின்மீது மின்விளக்கின் இழை தெரியும். சிவப்புக் கண்ணாடி வழியே நோக்கியவாறு மின்னோட்டத்தைக் கூட்டினால், ஒரு நிலையில் இழை பின்னணியோடு கலந்து மறையும். அப்போதுள்ள மின்னோட்டத்தைக் கொண்டு, முன்னரே வகுத்த அளவீட்டின்படி, வெப்பநிலை அறியப்பட்டது. கொல்லரின் கண் இங்கும் தேவைப்பட்டது. நிறத்தைப் பெயரிடும் பணி போய், இரு ஒளிகள் சமமாவதைக் காணும் பணி வந்தது. கண் நன்கு செய்வதும் அதுவே.

இடர்கள் எஞ்சின. மெருகிட்ட உலோகம் அதே வெப்பநிலையிலுள்ள கரும்பொருளைவிடக் குறைவாக ஒளிர்வதால் கருவி தாழ்வாகக் காட்டும். சுடரோ ஊடுருவித் தெரிவது. 1903இல் ஃபெரி சுடரில் சோடியம் உப்பைச் சேர்த்து, அதன்வழியே பின்னுள்ள ஒளிமூலத்தை நிறமாலைமானியில் நோக்கினார். ஒளிமூலத்தின் வெப்பம் மிகுந்தால் சோடியக் கோடு இருளும்; குறைந்தால் ஒளிரும். கோடு மறையும் நிலையில் இரண்டின் வெப்பநிலையும் ஒன்றெனக் கொள்ளப்பட்டது.