கீழக்கரையில் காண வேண்டியவை

சேதுநாட்டின் தென்கடலோரத்தில், இராமநாதபுரத்திற்குத் தெற்கே அமைந்த சிற்றூர் கீழக்கரை. முத்துக்கும் சங்குக்கும் பெயர்பெற்ற மன்னார் வளைகுடாவே இவ்வூரை வளர்த்த செவிலித்தாய். ஏர்வாடிக்கு ஜியாரத் செல்லும் நம் குடும்பத்தார் பலர் இவ்வூரைக் கடந்தே போகின்றனர். இறங்கி நின்று பார்ப்போர் மிகச் சிலரே.

இங்கு முதலில் காணத்தக்கது, 17ஆம் நூற்றாண்டில் வள்ளல் சீதக்காதி எழுப்பியதாகச் சொல்லப்படும் ஜும்ஆப் பள்ளி. கல்தூண், போதிகை, உத்திரம் என யாவும் தமிழ்நாட்டுக் கட்டட மரபில் அமைந்தவை. ஆயினும் மனித உருவமோ விலங்கின் உருவமோ அங்கில்லை. பூவும் கொடியும் கோலமுமே செதுக்கப்பட்டுள்ளன. சிற்பியின் உளி தான் அறிந்த மொழியிலேயே பேசிற்று. தவ்ஹீதின் வரம்பையும் காத்தது. இஸ்லாம் இம்மண்ணில் எவ்வாறு வேரூன்றியது என்று வினவுவோருக்கு இத்தூண்களே விடை கூறும்.

ஷெய்கு அப்துல் காதிர் என்னும் இயற்பெயருடைய சீதக்காதி வள்ளல், 1710இல் மறைந்த கிழவன் சேதுபதியின் உற்ற துணைவர். மன்னர் தமது பெயரோடு இயைந்த 'விஜய ரகுநாத' என்னும் பட்டத்தை அவருக்கு வழங்கினார். சீறாப்புராணம் பாட உமறுப்புலவரைத் தூண்டியவர் அவரே; படிக்காசுப் புலவரை ஆதரித்தவரும் அவரே. 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்னும் பழமொழி இன்றும் எல்லாச் சமயத்தார் நாவிலும் வாழ்கின்றது. அவர் காலத்துப் பேரறிஞர் சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்கள் காயல்பட்டினத்தில் 1632இல் பிறந்து, 1703இல் மறைந்து, கீழக்கரையில் அடங்கியுள்ளார்கள். அரசரும் வணிகரும் ஆலிமும் புலவரும் ஒரே காலத்தில் கைகோத்து நின்ற வரலாறு இது.

அடுத்து நாம் நாட வேண்டியது அரூஸிய்யாத் தைக்கா. மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்கள் அரபியிலும் அரபுத்தமிழிலும் நூல்கள் யாத்து, மார்க்க அறிவை இல்லங்கள்தோறும் கொண்டு சேர்த்த இடம் அது. தமிழ்ச் சொல்லை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழின் வாயிலாகவே நம் பாட்டிமார் தொழுகையின் பர்ளையும் சுன்னத்தையும் கற்றனர்.

வடக்கே இராமநாதபுரம் சென்றால் சேதுபதிகளின் இராமலிங்க விலாசத்தையும், அதன் சுவரோவியங்களையும் காணலாம். அவ்வரண்மனை எழச் சீதக்காதி உதவினார் என்பது வழிவழிச் செய்தி. கடல் நடுவேயுள்ள தீவுகளோ, 1986இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. அவற்றைக் கரையில் நின்று நினைத்து மகிழ்வதே முறை.

கண்டு திரும்புவதோடு நம் கடமை முடிந்துவிடுமா? அழகுபடுத்துகிறோம் என்னும் நல்லெண்ணத்தால் பழம்பள்ளிகள் பலவற்றின் கல்தூண்கள் வண்ணப்பூச்சில் மூழ்குகின்றன. செதுக்கிய பூக்கள் மழுங்குகின்றன. பெட்டிகளில் உறங்கும் அரபுத்தமிழ்க் கிதாபுகளைச் செல்லரிக்கின்றது. அவற்றை ஓதத் தெரிந்த முதியோரும் குறைந்து வருகின்றனர். கல்லை இழந்தால் சான்று போகும். எழுத்தை இழந்தால் பொருளே போகும்.

ஆதலின், பள்ளிகளைப் புதுப்பிக்கும் பெரியோர் பழைய கல்லைக் கல்லாகவே விட்டுவைப்பாராக. பெற்றோர் தம் மக்களைக் கீழக்கரைக்கு அழைத்துச் சென்று, அத்தூண்களைத் தொட்டுக் காட்டுவாராக. வீட்டில் அரபுத்தமிழ் அறிந்த மூத்தவர் ஒருவர் இருப்பின், இவ்வாண்டிலேயே ஒரு பிள்ளைக்கேனும் அவர் அதைக் கற்பிக்கட்டும். முன்னோர் விட்டுச்சென்றது நம்மிடமுள்ள அமானிதம். அதைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கும் பொறுப்பு நம்முடையதே.